மாம்பழச் சாலை முக்கில் ஓர் எலுமிச்சம்பழம்

பாய்,

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கி வந்தார். திருச்சி கே.கே. நகரில் இது அதிசயமில்லை. மாதத்துக்கு ஒருவர் வாங்குகிறார். வீட்டம்மா நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். கார் முன்னால் நகர்ந்தது. மூன்று பழங்கள் நசுங்கின. அந்த வாசனை தெருவைத் தாண்டி என் வாசலுக்கு வந்தது. வெயிலில் சூடேறிய தார், அதன்மேல் நசுங்கிய தோலின் எண்ணெய். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனைக்கு முதலில் நினைவுக்கு வருவது உங்கள் விரல்கள்தான்.

நான்காவது பழம் நசுங்கவில்லை. சக்கரத்தில் இருந்து வழுக்கி உருண்டு என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மன்னிப்புக் கேட்கும் மடல் இல்லை. நான் யாரிடமும் கேட்டதில்லை, உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தெரிந்தவர்கள் ஊரில் இப்போது யாரும் இல்லை. தெரிந்தவர்கள் இருந்தபோதும் தப்பாகத்தான் சொன்னார்கள்.

நீங்கள் பெரிய கடை வீதியில் தள்ளுவண்டியில் சர்பத் விற்றுக்கொண்டிருந்தீர்கள். நான் அதே வீதியில் ஒரு ஜவுளிக்கடை முகப்புக்குச் சிமெண்டில் மயில் செய்துகொண்டிருந்தேன். எனக்கு அந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சத் தமிழைச் சுவரொட்டிகளில் படித்தேன். இங்கிலீஷ் எழுத்துகளைச் சிமெண்டு மூட்டைகளில் படித்தேன். கம்பியை வளைத்து, கோழி வலையைச் சுற்றி, சாந்து பூசினால் எந்த உருவமும் நிற்கும் என்பதை நானே செய்து, நானே உடைத்துக் கண்டுபிடித்தேன். சாரத்தில் இருந்து இறங்கினால் நேரே உங்கள் வண்டிக்குத்தான் வருவேன்.

நீங்கள் உப்பை முதலில் போடுவீர்கள். "உப்பு தனியாக் கரையணும் மேஸ்திரி. சர்க்கரை போன தண்ணில அது அடங்காது." அது கரைந்த பிறகுதான் சர்க்கரை, நன்னாரி, ஊறின சப்ஜா விதை. கடைசியில் எலுமிச்சை. "ஒரு பழத்துக்கு ரெண்டு கிளாஸ். முழுப் பழத்தையும் ஒரே கிளாஸ்ல பிழியுறவன் குடிக்கிறவன் நாக்கை நம்பாதவன்." நான் சாமி இல்லை என்பவன், நீங்கள் ஐந்து வேளை தொழுகிறவர். இதைப் பற்றி நாம் சண்டை போட்டதே இல்லை. "ஊர்ல மத்தவங்களுக்கு ஆயிரம் சாமி. எனக்கு ஒண்ணு. உங்களுக்கு அதுவும் இல்ல. கணக்குப்படி நீங்கதான் எனக்குக் கிட்டத்துல இருக்கீங்க," என்பீர்கள். அப்படிச் சிரிக்கத் தெரிந்த மனிதர்தான் நீங்கள்.

கிளாஸ் துடைக்க நீங்கள் வாங்கின பழைய பேப்பர் கட்டில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை வந்தது. அதில் இருந்த படத்தை மடித்து மேல்துண்டில் முடிந்து வைத்திருந்து, நான் இறங்கி வந்ததும் விரித்துக் காட்டினீர்கள்.

"இது என்னன்னு சொல்லுங்க மேஸ்திரி."

"ஆரஞ்சுப் பழம்."

"நல்லாப் பாருங்க. கடை. பழத்துக்குள்ள உட்கார்ந்து பழச்சாறு விக்கிறாங்க. ரோட்டோரமா. காரையெல்லாம் நிறுத்திட்டு வாங்கிக் குடிக்கிறான் பாருங்க."

நான் பார்த்தேன். பூச்சு சரியில்லை. ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"உங்களால இதைவிட நல்லாக் கட்ட முடியுமா?" என்று கேட்டீர்கள். என்னிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

ஆரஞ்சு வேண்டாம் என்றவன் நான். அது எங்கிருந்தோ ரயிலில் வருகிற பழம். நீங்கள் பிழிவது எலுமிச்சை. எதை விற்கிறோமோ அதைத்தான் கட்ட வேண்டும் என்றேன். நீங்கள் உடனே ஒப்புக்கொண்டீர்கள். இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் ஊர் முழுக்க என் பிடிவாதம் என்று சொன்னார்கள். அந்தப் பழத்தை நாம் இருவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம்.

இடம் மாம்பழச் சாலை முக்கு. டவுனில் இருந்து வருகிறவர்கள் காவிரிப் பாலம் இறங்கியதும் முதலில் கால் வைக்கும் இடம். அங்கிருந்து ஒரு ரோடு ஸ்ரீரங்கத்துக்குப் போகும், ஒன்று திருவானைக்காவலுக்கு. ஒரு தோட்டக்காரர் தன் வேலிக்கு வெளியே இருந்த மூலையை விட்டுக்கொடுத்தார். "மாம்பழச் சாலையில எலுமிச்சம்பழம்! சொல்லும்போதே குளிருது," என்றீர்கள். தள்ளுவண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். இனிமேல் கடைக்காரர் அல்லவா.

இரண்டு ஆள் உயரம். மாட்டு வண்டிச் சக்கரங்களின் இரும்புப் பட்டைகளை வளையமாக வைத்து, கம்பி கட்டி, வலை போர்த்தி, நான்கு கை சாந்து பூசினேன். தோலில் துளை இல்லாவிட்டால் மஞ்சள் பானையாகத்தான் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் உடைந்த சோடா பாட்டில்களில் இருந்த கோலிகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தீர்கள். ஈரச் சாந்தில் கோலியை அழுத்தி எடுத்தால் ஒரு குழி. இரண்டு நாள், நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஏணியில் நின்று ஆயிரக்கணக்கில் அழுத்தினோம். உங்கள் பக்கத்துக் குழிகள் ஆழமாக இருந்தன. "என் பக்கம் பழுத்த பழம், உங்க பக்கம் காய்," என்றீர்கள். உச்சியில் எலுமிச்சைக்கே உரிய அந்தக் கூரான மூக்கை நான் வைத்தேன். மஞ்சள் அடித்தோம்.

முன்பக்கத்தைக் கத்தியால் வெட்டின மாதிரி நேராக நிறுத்தியிருந்தேன். அந்த வெட்டு முகத்தில்தான் ஜன்னலும் மேடையும். அதைச் சுற்றி முழுக்கச் சிவப்புச் சிமெண்டு. பெரிய வீட்டுக் கூடங்களில் போடுகிற சிவப்புத் தரை இருக்கிறதே, அதைச் சுவரில் ஏற்றி, தேங்காயெண்ணெய் தொட்டு மூன்று நாள் தேய்த்தேன். முகம் பார்க்கலாம். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். இப்போதும் சொல்வேன்.

வேறு யாராவது இதைப் படித்தால் இந்நேரம் அவர்களுக்கு விளங்கியிருக்கும். நமக்கு விளங்கவில்லை. மூன்று ரோடு சேரும் இடத்தில், பாதியாய் வெட்டி, வெட்டின முகத்தில் சிவப்பு அப்பின எலுமிச்சம்பழம். திருஷ்டி கழித்து முச்சந்தியில் எறிகிற பழம் அது என்று ஊரில் எந்தக் குழந்தையும் சொல்லும். அதை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். எனக்கு அது தெரியாதா? தெருவில் கிடந்தால் வேண்டுமென்றே தாண்டுகிறவன் நான். தாண்டித் தாண்டி அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலோ அந்தப் பேச்சே கிடையாது. நாம் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அப்படி ஒரு கடையைக் கட்டியிருக்க முடியும்.

சித்திரை மாதம். முதல் நாள் முதல் வண்டி ஒரு ஜட்கா. பாலத்தில் இருந்து இறங்கி வந்தவர் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். நமக்கு வாயெல்லாம் பல். அவர் பழத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது யாருக்குக் கழிச்சுப் போட்டது?"

"என்னது?" என்றேன்.

"இல்ல, மனுசனுக்குக் கழிச்சா சின்னப் பழம் போதுமே. கோயில் யானைக்கா கழிச்சீங்க?"

வண்டிக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஜட்கா நம் கடைக்கு எதிர்ப்பக்கமாக ரோட்டின் ஓரத்தோடு ஓரமாகப் போயிற்று. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "கழிச்சுப் போட்டதுன்னா என்ன மேஸ்திரி?" என்று கேட்டீர்கள். நான் விளக்கினேன். விளக்கும்போதே பழத்தைப் பார்த்தேன். அதன் பிறகு அதை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதை உங்களிடம் சொல்லவில்லை.

பூக்காரம்மா ஒருவர் எதிர்ச்சாரியில் நின்றே கத்தினார்: "எங்க வூட்ல மருமக முழுகாம இருக்கு சாமி. நான் அந்தாண்ட வர மாட்டேன்." ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓய், சாப்பிடற வஸ்துவை இப்படிப் பண்ணி வச்சிருக்கேளே. இதைப் பார்த்துட்டு எவன் வாயில ஜலம் இறங்கும்?" என்று நியாயம் கேட்டார். பஸ் கண்டக்டர்கள் "திருஷ்டி ஸ்டாப்பிங் இறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். காவிரியில் குளித்துவிட்டுத் தாகத்தோடு வந்தவர்கள், நம் பானையில் ஈரத்துணி சுற்றிக் குளிர்ந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அரை வட்டம் போட்டு நம்மைச் சுற்றிப் போனார்கள். ரோட்டில் அந்த அரை வட்டம் தடமாகவே விழுந்துவிட்டது.

பத்து நாள் பார்த்தீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்.

"மேஸ்திரி, அந்தச் சிவப்பு மேல கொஞ்சம் வெள்ளை அடிச்சுடலாமா?"

"ஏன்?"

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது. ஜனங்க பயப்படுறாங்க."

"பயப்படட்டும். பத்து நாள் பயப்படுவான். பதினோராவது நாள் தாகம் எடுக்கும்."

"எனக்குப் பதினோராவது நாள் பசி எடுக்குமே."

நான் சம்மதிக்கவில்லை. ஒரு தடவை வளைந்தால் அப்புறம் இந்த ஜனங்கள் எல்லாவற்றுக்கும் நம்மை வளைப்பார்கள் என்றேன். நான் பகுத்தறிவுக் கூட்டங்களில் நின்று கேட்டதையெல்லாம் உங்களிடம் திருப்பிச் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். கேட்டுக்கொள்ளும் குணம் உங்களுடையது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தினம் மத்தியானம், கூட்டம் அதிகமாக இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, அந்தச் சிவப்பு மேடையில் முழங்கையை ஊன்றி, எல்லோரும் பார்க்க ஆறு கிளாஸ் குடித்தேன். குடித்துவிட்டுச் சத்தமாக, "எனக்கு என்ன ஆச்சு? செத்தேனா?" என்று ரோட்டைப் பார்த்துக் கேட்பேன். ஒருவரும் வரவில்லை. "நாளைக்குத்தான் தெரியும்!" என்று ஒரு மாட்டு வண்டிக்காரர் பதில் சொன்னார்.

"நீங்க ஒருத்தரே குடிச்சா என் பொழப்பு ஓடுமா மேஸ்திரி?" என்றீர்கள். "உங்க வயிறு என்ன காவேரியா?"

அதற்கும் நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்காததைக் கவனிக்கவில்லை.

வைகாசியும் போயிற்று. சர்பத்துக்காரருக்கு வருஷம் என்பது அந்த மூன்று மாதம்தான். எனக்குச் சுவர் எழுப்ப எந்த மாதமும் மாதம்தான். ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மூன்று பெண்களும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து உங்கள் வீட்டம்மா பேசினார். அதற்கு முன் என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணே, உங்களுக்குக் கொள்கை இருக்கு. இருக்கட்டும். அதுக்கு என் வீட்டு அடுப்பு ஏண்ணே அணையணும்?"

நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. பெண்பிள்ளையிடம் வாதாட வேண்டாம் என்று வந்தேன். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு களத்துக்குச் சிமெண்டுத் தரை போடப் போனேன். திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கொள்ளிடம் தாண்டி, திருவானைக்காவல் வழியாக பஸ்ஸில் வருகிறேன். கண்டக்டர், "மூக்கு ஆரஞ்சு இறங்கு!" என்கிறார். இறங்கினேன்.

பழம் முழுக்க ஆரஞ்சு வண்ணம். என் சிவப்பு முகத்தின் மேல் வெள்ளை அடித்து, அதில் சுளை சுளையாகக் கோடு போட்டிருந்தீர்கள். கோடுகள் கோணல். உச்சியில் என் எலுமிச்சை மூக்கு அப்படியே இருந்தது. அதற்கும் ஆரஞ்சு அடித்திருந்தீர்கள். சுற்றிலும் கூட்டம். குழந்தைகள் அந்த மூக்கைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டு சர்பத் குடித்தார்கள். விற்றது அதே எலுமிச்சை சர்பத்.

"வாங்க மேஸ்திரி," என்று உள்ளே இருந்து கூப்பிட்டீர்கள். முகம் எல்லாம் வேர்வை, சந்தோஷம். "பழம்தான் மாறிடுச்சு. சிமெண்டு உங்களோடதுதான்."

நான் அத்தனை பேர் முன்னால் சொன்னதை இங்கே எழுதுகிறேன். "முதுகெலும்பு இல்லாதவன் எந்தப் பழத்துக்குள்ள உட்கார்ந்தா என்ன? உள்ள இருக்கிறது புழுதான்." அதோடு, "என் பேரை இதோட சேர்த்து எவன்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றும் சொன்னேன்.

நீங்கள் கையில் இருந்த கிளாஸை மேடையில் வைத்தீர்கள். கோபப்படவில்லை. "முதுகெலும்பு இருக்கு மேஸ்திரி. அதுமேலதான் மூணு பொண்ணுங்க உட்கார்ந்திருக்கு," என்றீர்கள்.

அன்றில் இருந்து நான் அந்த முக்கில் கால் வைக்கவில்லை. என் வீடு அப்போது ஸ்ரீரங்கத்தில், வேலை டவுனில், நடுவில் ஒரே பாலம். பாலம் முடிந்ததும் இடப்பக்கம் சரிவில் சைக்கிளோடு இறங்கி, ஆற்றங்கரை மணலில் தள்ளிக்கொண்டு, அம்மா மண்டபம் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போவேன். ஆடியில் வெள்ளம் வந்து பாதை முழுகினால் சைக்கிளைத் தோளில் தூக்கி, முழங்கால் தண்ணீரில் நடப்பேன். ஒரு வருஷம் இல்லை, ஏழு வருஷம்.

அந்த ஏழு வருஷத்தில்தான் உங்கள் மூக்கு ஆரஞ்சைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பைத்தியம் பிடித்தது. கொள்ளிடக் கரையில் இளநீர் வடிவில் ஒரு கடை. கரூர் ரோட்டில் அன்னாசி. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் ஒருவர் கூஜா வடிவில் கட்டி மோர் விற்றார். மனிதன் வானத்துக்குப் போய் வந்த வருஷம் ஒருவர் ராக்கெட் கட்டினார், உள்ளே டீ. லால்குடி ரோட்டில் ஒருவர் பசு மாடு கட்டி, ஜன்னலை மடிக்கு நேராக வைத்துவிட்டார். பால் வாங்க ஒரு பெண்ணும் கிட்டே வரவில்லை. இளவட்டங்கள்தான் சுற்றி நின்று கேலி பேசினார்கள். அதில் இளநீரும் அன்னாசியும் நான் கட்டினவை. என்னிடம் வந்தவர்கள் எல்லோரும், "மூக்கு ஆரஞ்சு கட்டினவர் யாருன்னு தெரியல, நீங்க அது மாதிரி கட்டுவீங்களா?" என்று கேட்டார்கள். என் வேலையை எனக்கே மாதிரியாகக் காட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

வாரப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. அரைப் பக்கம். பழத்துக்குள் இருந்து நீங்கள் சிரிக்கிறீர்கள். கீழே உங்கள் பெயர். கட்டினவன் பெயர் இல்லை. அதைச் சுருட்டிக்கொண்டு போய், நம் இருவருக்கும் தெரிந்த சுண்ணாம்புக்காரரிடம் குமுறினேன். அவர் உங்களிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "பேரு கேட்டாங்களாம். மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னு பாய் நாலு நாள் காத்திருந்தாராம். நீதான் அந்தப் பக்கமே போறதில்லையே." அன்று சுண்ணாம்புக்காரரோடும் பேச்சை நிறுத்தினேன்.

எழும்பின வேகத்திலேயே எல்லாம் விழுந்தன. பாட்டில் கலர் கம்பெனிக்காரர்கள் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை ஐஸ் பெட்டி கொடுத்தார்கள். மூடியைத் திறந்தால் புகை வருகிற குளிர்ச்சி. அதற்கு முன்னால் ஈரத்துணிப் பானை என்ன செய்யும்? அதோடு, சிமெண்டுப் பழம் எல்லாமே உள்ளே அடுப்பு. மேலே காற்று போக வழி வையுங்கள் என்று முதல் வாரமே கேட்டீர்கள். பழத்தின் தலையில் ஓட்டை போட்டால் அணில் கடித்ததாகிவிடும் என்று மறுத்தேன். அது என் தப்பு. சிமெண்டு விஷயத்தில் தப்பு செய்தால் நான் ஒத்துக்கொள்வேன். ஏழு கோடை நீங்கள் அதற்குள் வெந்தீர்கள். அன்னாசியின் இலை ஒவ்வொன்றாக உடைந்து விழுந்தது. கூஜாவில் வைக்கோல் அடைத்தார்கள். ராக்கெட்டுக்குள் ஆண்கள் ஒதுங்கினார்கள். வண்ணம் அடிக்க யாருக்கும் மனம் இல்லை. சுவரொட்டிக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம், நடிகர்களின் முகங்களால் பழங்களை மூடினார்கள்.

பிறகு ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்து கோடு போட்டார்கள். கோடு உங்கள் பழத்தின் நடுவில் போயிற்று.

இடிக்கிற அன்று நான் வந்தேன். வர வேண்டும் என்று வரவில்லை. கடப்பாரைச் சத்தம் பாலம் வரை கேட்டது. காலையில் டவுனுக்குப் போகும்போது கேட்டது, சாயங்காலம் திரும்பும்போதும் கேட்டது. அப்படி என்ன உடையாமல் இருக்கிறது என்று எனக்கே பார்க்கத் தோன்றியது. ஏழு வருஷத்துக்குப் பிறகு சரிவில் இறங்காமல் நேராக வந்து, எதிர்ச்சாரியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றேன். பூக்காரம்மா நின்று கத்தினாரே, அதே இடம்.

நீங்கள் தோட்டத்து வேலி ஓரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். தாடி வெளுத்திருந்தது. பக்கத்தில் பானை. இடிக்கிற ஆட்களுக்குச் சும்மாவே சர்பத் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு ஆள் கடப்பாரையை ஊன்றிவிட்டு மூச்சு வாங்கினார். "எந்தப் பாவி கட்டினான்யா இதை? அசைய மாட்டேங்குது," என்றார். நீங்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். முதலில் இருந்தே நான் நிற்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு கிளாஸ் கலக்கினீர்கள். உப்பு போட்டதை நான் பார்த்தேன். கரையும் வரை கலக்கினதைப் பார்த்தேன். எழுந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கிளாஸை நீட்டினீர்கள். விரிசல் விட்ட இடங்களில் ஆரஞ்சு உதிர்ந்திருந்தது.

"மேஸ்திரி," என்றீர்கள், "உள்ள மஞ்சள் அப்படியே இருக்கு பாருங்க."

குரல் தெளிவாகக் கேட்டது. நமக்கு நடுவில் இருந்தது இருபது அடி ரோடு. ஒரு பஸ் போனது. பஸ் போன பிறகும் கையை நீட்டிக்கொண்டேதான் நின்றீர்கள்.

பாய் வரட்டும் என்று நினைத்தேன். தப்பு செய்தவர்தானே ரோட்டைத் தாண்ட வேண்டும். சைக்கிளைத் திருப்பினேன். பாலத்தடிக்குப் போய், வழக்கமான சரிவில் இறங்கி, மணலில் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவ்வளவுதான். நீங்கள் மூத்த மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் கழித்துப் பெரிய கடை வீதியில் ஒரு வளையல் கடையில் உங்கள் நடு மகளைப் பார்த்தேன். உங்கள் மூக்கு அப்படியே. நான்தான் மேஸ்திரி என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"அத்தா எப்படிம்மா இருக்காரு?"

"மவுத்தாயி, அடக்கம் பண்ணி நாப்பது நாள் ஆச்சு."

ஆனாலும் கேட்டேன். "என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?"

அவள் வளையல்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "பேசவே மாட்டாங்க. நாங்க கேட்டா, 'ரோட்டுல நின்னு கிளாஸை நீட்டினேன், அந்த ஆளு வரல'ம்பாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது."

உங்களை நான் எப்போதும் வளைகிறவர் என்றே நினைத்திருந்தேன், பாய்.

இன்று காலை என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்ற அந்தப் பழத்தைக் குனிந்து எடுத்தேன். "தாத்தா, அதைத் தொடாதீங்க! கழிச்சது!" என்று எதிர்வீட்டம்மா அலறினார். பைப்பில் கழுவி உள்ளே எடுத்துப் போனேன். உப்பை முதலில் போட்டேன். முழுக்கக் கரைய விட்டேன். பிறகு சர்க்கரை. நன்னாரி இல்லை. ஒரு பழத்துக்கு இரண்டு கிளாஸ் என்று கை தானாகவே இரண்டு கிளாஸ் எடுத்து வைத்துவிட்டது. எப்போது கலந்தாலும் இப்படித்தான் ஆகிறது. இந்த வீட்டில் நான் ஒருவன்தான். இரண்டையும் நானே குடித்தேன்.

மூடநம்பிக்கைக்கு நான் இன்றும் வளையவில்லை. நீங்கள் வண்ணம் மாற்றினது சரி என்று இன்றும் எழுத மாட்டேன். இந்தத் திருச்சியில் தெருவில் கிடக்கும் எந்தப் பழத்தையும் நான் தாண்டித்தான் போயிருக்கிறேன். இந்த வயதிலும், தடியை ஊன்றிக்கொண்டு, தாண்டித்தான் போகிறேன். ஆனால் ஸ்ரீரங்கத்துக்கு எப்போதாவது பஸ்ஸில் போகும்போது, பாலம் முடிகிற இடத்தில் என் கால் இடப்பக்கச் சரிவைத் தேடுகிறது. ஜட்காக்காரர் ஒரு நாள் சுற்றிப் போனார். பூக்காரம்மா ஒரு கோடை சுற்றிப் போனார். நம் பழத்தைத் தாண்ட மாட்டாமல் ஏழு வருஷம், ஆடி வெள்ளத்திலும் இறங்கிச் சுற்றிப் போனவன், கணக்குப் பார்த்தால், நான் ஒருவன்தான்.